பொடியன்களை நேராக லீக்கில் இறக்கலாமா?

பெரம்பூர் ரசிகன்:
எங்கள் ஏரியா ஹாக்கி டீமில் சீனியர்கள் போயாச்சு. பதினேழு வயசுப் பையன்கள்தான் ஆடுகிறார்கள். போன மேட்சில் ஆறு கோல் வாங்கினோம். இது சரிப்படுமா?

வியாசர்பாடி அண்ணன்:
வாங்கட்டும் தம்பி. ரோலிங் சப் எதற்கு இருக்கிறது? அஞ்சு நிமிஷம் ஆடவிட்டு, வெளியே கூப்பிட்டு, எங்கே நிற்கணும் என்று சொல்லி மறுபடி அனுப்பலாம். 2024-25 ஹாக்கி இந்தியா லீக்கிலேயே 24 பேரில் 4 ஜூனியர்கள் கட்டாயமாக இருந்தார்கள். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசுகிற டிராக் ஃப்ளிக்கை மட்டும் ஓயாமல் அடிக்க விடாதீர்கள், இடுப்பு போயிடும்.

ராயபுரம்:
எழும்பூரில் 2025 ஜூனியர் உலகக் கோப்பை பார்த்தீர்களா? இந்தியப் பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 பின்தங்கி, கடைசி குவார்ட்டரில் நாலு போட்டு வெண்கலம். கோல்கீப்பர் மட்டும் அனுபவசாலியாக இருக்கட்டும்.

பெரம்பூர் ரசிகன்:
கீப்பர் பழைய ஆள்தான் அண்ணா. பையன்களைப் பார்த்துக் கத்தியே அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு.