அப்டேட்: ஜெர்மனில தனியா சமாளிக்க முடியுமானு கேட்டிருந்தேன்ல

ஜெர்மனில ஆகன்ங்கற ஊர்ல ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச், வீட்ட விட்டு தனியா இருந்ததே இல்ல, பயமா இருக்குனு முன்னாடி போட்டிருந்தேன்ல, வந்து செட்டில் ஆயாச்சு. குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும்னு ரூல், அதுக்கு ஹவுஸ் ஓனர் கையெழுத்து போட்ட ஃபார்ம் வேணும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு, ஆனா அப்பா கூட வராம நானே போய் முடிச்ச முதல் கவர்மென்ட் வேலை அதான்.

ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் எல்லாம் பூட்டு, பால் வேணும்னா சனிக்கிழமையே வாங்கிடுங்க, அண்ணாச்சி கடை நெனப்பெல்லாம் வேணாம். காலி ப்ளாஸ்டிக் தண்ணி பாட்டில தூக்கிப் போடாதீங்க, கடைல இருக்கற மெஷின்ல போட்டா பெரும்பாலும் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பி வரும், பெரிய பை நிறைய எடுத்துட்டுப் போனா அன்னிக்கு காய்கறி செலவு ஓடிடும்.

கிச்சன் கதவுல யாரு எப்ப க்ளீன் பண்ணணும்னு சார்ட் ஒட்டியிருக்கு. பக்கத்து ரூம் பொண்ணு நேரா வந்து "சிங்க்ல எண்ணெய் இருக்கு, இந்த வாரம் உன் முறை"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு அப்படியே உக்காந்து என் ரசத்த வாங்கி குடிக்குது, மனசுல எதுவும் வெச்சுக்கறதில்ல (எங்க சொந்தக்காரங்க கத்துக்கணும்).

இந்தியால இருந்து ப்ரெஷர் குக்கர் கொண்டு வரலாமானு கேட்டவங்களுக்கு, தாராளமா கொண்டு வாங்க, ராத்திரி 10 மணிக்கு மேல மட்டும் விசில் விடாதீங்க.