மூடியைக் கழற்றிய கிரைண்டர்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

தக்கலை, மரவேலை

பெருவிரலில் தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. விரல் மடங்குகிறது, ஆனால் உளியைப் பிடித்தால் பழைய பிடி இல்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் மரவேலை, வெல்டிங், டைல்ஸ் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் அனுபவத்தையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பழைய வீட்டில் அயனி மரத்தில் செய்த வாசல் நிலை. புதிதாக டைல்ஸ் போட வேண்டும் என்பதால் நிலையின் அடியில் ஒரு விரல்கடை அறுத்து எடுக்கச் சொன்னார்கள். சுவர் மூலை, கைவாள் போக இடமில்லை. நாலு இஞ்சு ஆங்கிள் கிரைண்டரில், அதாவது கையில் பிடித்துத் தேய்க்கும் மெஷினில், மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டினேன். பிளேடை மறைக்கும் மூடி இருந்தால் மூலைக்குள் இறங்காது என்று அதையும் கழற்றி வைத்தேன். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதற்கு முன்னும் பல தடவை இப்படி அறுத்திருக்கிறேன். அன்றைக்கு உள்ளே ஒரு பழைய ஆணி இருந்திருக்கிறது. பிளேடு அதில் கடித்ததும் மெஷின் என் பக்கமாக உதைத்து, பெருவிரலின் அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கீழே விழுந்தது. விழுந்த பிறகும் நிற்கவில்லை. தள்ளிப் பூட்டுகிற சுவிட்ச் என்பதால் ஓடிக்கொண்டே தரையில் சுற்றியது. கையாள் பையன் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினான். அவன் இல்லையென்றால் என் கால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். சாணைக்கல் வீலை மாட்டித் தேய்ப்பதற்காகச் செய்த மெஷின் அது. சாணைக்கல் தேய்த்துக்கொண்டு போகும், பிளேடின் பல் கடித்து இழுக்கும். மரம் அறுக்கும் சர்க்குலர் மெஷினில் மரத்தின்மேல் பதிகிற தகடு இருக்கிறது, அறுத்து முடித்ததும் தானாக மூடிக்கொள்ளும் கீழ்மூடி இருக்கிறது, விரலை எடுத்தால் அணையும் சுவிட்ச் இருக்கிறது. என் கையில் இருந்ததில் இவை எதுவும் இல்லை. இருந்த ஒரு மூடியையும் நானே கழற்றிவிட்டேன்.

குளச்சல், வெல்டிங்

அண்ணே, விரல் மிஞ்சியதே பெரிய காரியம். எனக்கு நடந்தது இரும்பு அறுக்கும் கட்டிங் வீலால். பெரிய ஏழு இஞ்சு மெஷினில் ஓடித் தேய்ந்த வீலை வீணாக்க மனம் வராமல் அஞ்சு இஞ்சு கிரைண்டரில் மாட்டுவோம். இரண்டுக்கும் நடு ஓட்டை ஒன்றுதான், அதனால் சரியாக உட்காரும். ஆனால் ஏழு இஞ்சு வீலில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்றுதான் அச்சடித்திருக்கும். சின்ன மெஷின் அதைவிட வேகமாகச் சுற்றும். தேய்ந்த வீல் கொஞ்சம் பெரிதாக இருந்தால் மூடியும் இடிக்கும், அதையும் கழற்றிவிடுவோம். ஒரு நாள் படகுக்கு ஆணித்தகடு அறுக்கும்போது வீல் மூன்று துண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு என் பின்னால் இருந்த தகரக் கதவில் குத்தி நின்றது. என் மேல் ஒரு கீறல் இல்லை. அந்தக் கதவை இன்றும் மாற்றவில்லை, புதிதாக வேலைக்கு வரும் பையன்களை முதலில் அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இன்னொன்று. வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள், காலாவதி மாதமும் வருடமும் அதில் இருக்கும். பிசின் வைத்து ஒட்டிய வீல்தானே, ஈரம் பட்டால் வலுக்குறையும். இங்கே கடல்காற்றும் மழையும் சேர்ந்து எதையும் காய விடுவதில்லை. நான் இப்போது மூடி போட்ட டப்பாவில்தான் வைக்கிறேன். புது வீல் மாட்டினால் ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட்டிப் பார்த்த பிறகுதான் இரும்பில் வைப்பேன்.

குலசேகரம், மரம்வெட்டு

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30ஐ நம்ம ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர்த் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ரோடு அடைபட்டு, கரண்டு இல்லாமல், மரம் அறுக்கும் சங்கிலி வாளான செயின்சா வைத்திருந்தவனை எல்லாரும் கூப்பிட்டார்கள். அதுவரை செயின்சாவைத் தொடாதவர்கள்கூட வாங்கி வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

நின்ற மரத்தை வெட்டிப் பழகிய எனக்கே விழுந்த மரம் புதிது. ஒரு ரப்பர் மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து வில்லாக வளைந்து நின்றது. வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டு நிற்கும், உள்பக்கம் நசுங்கி நிற்கும். நான் யோசிக்காமல் வெளிப்பக்கத்தில் செயினை ஓட்டினேன். பாதிகூட அறுபடவில்லை, தடி நெடுக்காகப் பிளந்து என் தலைக்கு மேலே வீசிப் போனது. அண்ணன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததால் உயிரோடு இருக்கிறேன். நசுங்கிய பக்கத்தில் முதலில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இழுபட்ட பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் ஓரமாக நின்றுகொண்டு. இதுதான் முறை என்று அன்று சாயங்காலம் ஒரு பெரியவர் சொல்லித் தந்தார். வேரோடு பெயர்ந்த மரத்தில் தடியை அறுத்தால் வேர்க்கட்டி மண்ணோடு திரும்ப எழுந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்ததையும் அன்று பார்த்தேன், விரட்டிவிட்டோம்.

செயின்சாவில் செயின் சுற்றி ஓடும் பட்டையின் நுனியின் மேல்பாதி எதிலும் பட்டுவிடக் கூடாது. பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எழும்பும், அப்போது காப்பாற்றுவது முன்னால் இருக்கும், செயினை நிறுத்தும் பிரேக் மட்டும்தான். காலையில் முதல் வேலையாக அந்தப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறேன். செயின் மழுங்கினால் சீவல் வராது, மாவாகத் தூள் வரும். தூள் வந்தால் உடனே நிறுத்தி அரம் போடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டும்போதுதான் கை தளர்ந்து எல்லாம் நடக்கிறது.

நாகர்கோவில், எலக்ட்ரீஷியன்

தக்கலை அண்ணன் சொன்ன பூட்டுகிற சுவிட்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போகும், மெஷினை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், கரண்டு வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கும். கோட்டாறு பக்கம் ஒரு சைட்டில் மேசையிலிருந்து குதித்து வயரைத் தானே அறுத்துக்கொண்ட கிரைண்டரைப் பார்த்தேன். கரண்டு போனால் பிளக்கை எடுங்கள். பிளேடு மாற்றும்போதும் அப்படித்தான், சுவிட்சை அணைத்தால் போதாது.

சைட்டுக்கு எடுத்துப் போகும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கரண்டு கசிந்தால் தானாக அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் டேப் சுற்றிய ஜாயிண்ட் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. சுருட்டிய வயரை முழுதாக விரித்த பிறகுதான் பெரிய மெஷினை ஓட்ட வேண்டும், சுருளுக்குள் சூடு ஏறி உறை உருகும். இரும்பு அறுக்கும் மெஷினை வாரம் ஒரு தடவை காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே படியும் இரும்புத்தூள் கரண்டு கடத்தும். மெஷினின் காற்று ஓட்டையில் பொறி அதிகமாகத் தெரிந்தால், மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டு சேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, இரண்டு பிரஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மார்த்தாண்டம், டைல்ஸ்

ஒரு சந்தேகம் அண்ணே. விரல் துண்டாகவே போயிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

தக்கலை, மரவேலை

எனக்கு டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கையில் வெட்டுப்பட்ட இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. உடனே 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பல் பிளேடை என்ன செய்தீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பழைய இரும்புக்குப் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. வைஸில் பிடித்து இரண்டாக மடக்கிவிட்டேன். கிரைண்டரின் மூடியை மறுபடி மாட்டி, திருகைக் கையாள் பையனிடம் முறுக்கச் சொன்னேன்.