ஹாஸ்டல் ரூமில் ஃபைட்டர் மீன்: தொட்டி, தண்ணீர், கொசுவிரட்டி
(மீன் வளர்ப்பவர்கள் பேசிக்கொண்டது; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

தொட்டிவாசி:
கடையில் உள்ளங்கை அளவு டப்பாவில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த மீனுக்கு அவ்வளவு இடம் போதும் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் விடுகிறார்கள். தாய்லாந்தின் நெல்வயலிலும் சதுப்பிலும் வாழ்ந்த இனம் இது. அங்கே ஆழம் குறைவு, பரப்பு பெரிது. லேபிரிந்த் என்ற உறுப்பு இருப்பதால் மேலே வந்து காற்றையே நேராக விழுங்கும். ஆகவே பாட்டிலில் மூச்சு முட்டிச் சாவது அரிது. தன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் ஆளை முடிக்கும்.

படிக்கிற மேஜைக்கு 30×20×25 செ.மீ. தொட்டி சரியாக இருக்கும். விளிம்பிலிருந்து 5 செ.மீ. விட்டு நிரப்பினால் 12 லிட்டர். மூடி கட்டாயம், ஃபைட்டர் துள்ளும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் 15 கிலோவுக்கு மேல் வரும், பிளாஸ்டிக் ஸ்டூலை நம்பாதீர்கள். ஜன்னலோர வெயிலும் ஆகாது.

நீர்க்கணக்கு:
மீனை வாங்கும் முன்பே தொட்டியை ஓடவிடுங்கள். சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், நடுவில் ஒரு கண்ட்ரோல் வால்வு. ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது தண்ணீர் மாற்றும்போது போய்விடும். வெறும் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தால் இந்தக் கூட்டம் உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நன்றாக ஓடும் இன்னொருவர் தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன்.

பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். ஃபில்டர் இல்லையென்றால் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை தொட்டியையே கவிழ்த்து, ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவுபவர்கள் பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் முடிந்தது.

மொட்டைமாடி டேங்க்:
ஹாஸ்டல் தண்ணீரில் மூன்று சிக்கல். ஒன்று, குளோரின். ஆன்ட்டி-குளோரின் சொட்டு மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலக்குங்கள். 24 மணி நேரம் வாளியில் திறந்து வைத்தாலும் குளோரின் போகும். ஆனால் குளோரினுக்குப் பதில் எளிதில் ஆவியாகாத குளோரமின் கலக்கும் ஊரில் அந்த வித்தை பலிக்காது.

இரண்டு, வெப்பம். மே மாத மதியம் குழாயில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். விடிகாலையில் பிடித்து, அறையிலேயே ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றினால் தொட்டியோடு சூடு ஒத்துப்போகும்.

மூன்று, போர்வெல். ஓரளவு உப்புத்தன்மைக்கு ஃபைட்டர் பழகிவிடும். ஆனால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏற ஏற அம்மோனியா கொடியதாகிறது. 30 டிகிரியில் பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அம்மோனியாவின் விஷப் பங்கு சுமார் ஒன்பது, பத்து மடங்கு ஆகிவிடும். பயந்துகொண்டு மெஸ் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தப்பு. அதில் தாது இல்லாததால் பிஎச் நிலைக்காது. பாதிக்குப் பாதி கலக்கலாம்.

ஜன்னலோரம்:
யாரும் கொசுவிரட்டி பற்றிச் சொல்லவில்லையே! பிளக்கில் மாட்டும் திரவ விரட்டி, சுருள், கரப்பான் ஸ்பிரே பெரும்பாலானவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை. நமக்குத் தும்மலோடு போவது மீனுக்கு நரம்பு விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. ஃபைட்டரோ அதே காற்றை வாயாலும் விழுங்குகிறது. நேற்று வரை நன்றாக இருந்த மீன் காலையில் சுழன்று சுழன்று நீந்தினால், நோயைத் தேடும் முன் ரூம்மேட்டின் பிளக்பாயின்ட்டைப் பாருங்கள். கொசுவலைதான் வழி. பாடி ஸ்பிரேயை வராந்தாவில் அடிக்கச் சொல்லுங்கள். சோப்புக் கையைத் தொட்டியில் விடாதீர்கள்.

தொட்டிவாசி:
முக்கியமான விஷயம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்கி பம்ப்புக்குள் வந்துவிடும்.

மலைக்குளிர்:
25 முதல் 28 டிகிரி இதற்கு இதம். சென்னையில் ஹீட்டர் தேவையே இல்லை, ஏசி அறை தவிர. ஊட்டி, கொடைக்கானல், டிசம்பர் பெங்களூர் என்றால் தெர்மோஸ்டாட் வைத்த 25 வாட் ஹீட்டர் வேண்டும். வார்டன் வெந்நீர் ராடு என்று நினைத்துப் பறிமுதல் செய்வார். அட்டையில் இருக்கும் வாட் அளவைக் காட்டி முன்பே பேசிவிடுங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் பிளக்கை எடுங்கள். ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தபடி சூடானால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கும்.

தீனிக்காரர்:
1 மி.மீ. பெல்லட், காலை மூன்று, மாலை மூன்று. இரைப்பை ஏறக்குறைய அதன் கண் அளவுதான். வாரம் ஒருநாள் பட்டினி. உறைய வைத்த ரத்தப்புழு வாரம் ஒருமுறை விருந்து. வயிறு உப்பி ஒருக்களித்து மிதந்தால் இரண்டு, மூன்று நாள் எதுவும் போடாதீர்கள், பெரும்பாலும் தானே இறங்கும். உப்பிய வயிறு இறங்கப் பட்டாணி கொடுக்கும் வைத்தியம் எங்கிருந்து வந்ததோ, இது மாமிசப் பட்சிணி.

நீர்க்கணக்கு:
துடுப்பு விவகாரத்தில் எல்லோரும் குழம்புவது: ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் கரைந்தால் அழுகல். ஓர் இரவில் சுத்தமாகக் கடித்தெடுத்தது போல இருந்தால், மீனே வாலைக் கடித்திருக்கிறது. நீளவால் ஹாஃப்மூன் வகையில் இது சகஜம். ஃபில்டர் ஓட்டம் வேகமாக இருந்தாலும், கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் கடிக்கும். வால்வைக் குறையுங்கள். பிளாஸ்டிக் செடியை நைலான் துப்பட்டாவில் உரசிப் பாருங்கள். நூல் இழுத்தால் அது துடுப்பையும் கிழிக்கும். நிஜச் செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே வளரும்.

அழுகலுக்கு முதல் மருந்து தண்ணீர் மாற்றுவதே. தேறவில்லை என்றால் தனி டப்பாவில் 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, கரைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 10 நாளுக்கு மேல் வேண்டாம். மெத்திலீன் ப்ளூ என்ற நீல மீன் மருந்தையும் தொட்டியில் ஊற்றாதீர்கள், ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியா செத்துவிடும். செல்போன் டார்ச் அடித்தால் உடம்பில் தங்கப்பொடி மின்னுகிறதா? அது வெல்வெட் ஒட்டுண்ணி, அதற்கு உப்பை மட்டும் நம்ப முடியாது. செதில் அன்னாசிப்பழம் போல விரிந்துவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது.

மலைக்குளிர்:
பாதாம் மரத்துச் சருகு ஒன்றைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், மீனுக்கு நல்லது. மருந்து அடிக்காத மரமாக இருக்கட்டும்.

ஜன்னலோரம்:
லீவுக்குப் போகிறவர்களுக்கு: நல்ல நிலையில் உள்ள பெரிய மீன் ஐந்தாறு நாள் சாப்பிடாமல் தாங்கும். ரூம்மேட்டிடம் தீனி டப்பாவையே கொடுத்தால் பாசத்தில் கொட்டிவிடுவார். ஒரு நாளைக்கு நான்கு பெல்லட் வீதம் காகிதத்தில் மடித்து, தேதி எழுதிக் கொடுங்கள்.

செமஸ்டர் லீவில் ஊருக்கே எடுத்துப்போவதானால் முந்தைய நாள் தீனி கிடையாது. இரண்டு லிட்டர் டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று, துண்டில் சுற்றிக் கைப்பையில். பஸ்ஸின் டிக்கியில் போடாதீர்கள், சூட்டில் வெந்துவிடும். ஸ்பாஞ்சையும் ஈரமாகத் தனிப் பையில் கொண்டுபோங்கள்.