விர்டஸ் ஜிடி பிளஸ்: முதலில் எதை மாற்றலாம்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2022 ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி பிளஸ், 1.5 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் எஞ்சின்), டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றி பவரைக் கூட்டுவது) செய்யச் சொல்பவர்கள் பலர். ஆனால் இதில் இருக்கும் டிகியூ200 என்ற உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தாங்கும் டார்க் (முறுக்கு விசை) வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான். எஞ்சின் இப்போதே அதைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றிவிட்டு கிளட்சுக்குத் தண்டம் அழ மனமில்லை. 150 குதிரைத்திறன் எனக்குத் தாராளம்.

அடிக்கடி ஓட்டுவது ஆழியார்-வால்பாறை சாலை. 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது எந்த வண்டிக்கும் பிரேக் சூடேறும். முன்பக்கம் நல்ல பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், இது போதுமா? பின்னால் இருக்கும் டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிடலாமா?

அப்புறம், லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) போட்டால் நம்ம ஊர் வேகத்தடையில் அடி தட்டுமா? 205/55 ஆர்16 அளவில் மழையிலும் பிடி விடாத டயர் எது? பட்ஜெட் 60,000 ரூபாய். போட்டு ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.