ராத்திரி ரப்பர் பூதம், விடிகாலை ஐஸ் ஹாக்கி: ரெண்டையும் சரியாகப் பார்ப்பது எப்படி?

அடையாறு_ஆந்தை:

வணக்கம். சனிக்கிழமை ராத்திரி 1950களின் மலிவு மான்ஸ்டர் படம் ஒன்று, ஞாயிறு விடிகாலை கனடா ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஒன்று. இதுதான் வார இறுதித் திட்டம். ரெண்டிலும் சந்தேகம் இருக்கிறது.

படம்: இலவசப் பிரதிகளில் நடிகர் தலைக்கு மேல் மைக் தொங்குகிறது, பூதத்தைத் தூக்கும் கம்பி பளிச்சென்று தெரிகிறது. போதாக்குறைக்கு டிவியில் எல்லாமே மெகா சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. எடுத்தவர்கள் கோளாறா, டிவி கோளாறா?

ஹாக்கி: ஒரு பையன் ஒன்டாரியோ லீகில் 68 ஆட்டத்தில் 90 பாயின்ட். இன்னொருத்தன் ஸ்வீடன் சீனியர் லீகில் 30 ஆட்டத்தில் வெறும் 5. வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் கிளப்புகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கான பட்டியல்களில் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே இடம். இது எந்த ஊர்க் கணக்கு? 'ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை' என்று தேடினால் எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம்தான் வந்து நிற்கிறது.

நீலக்கோடு:

தேடலை முதலில் சரிசெய்யுங்க. 2025 கடைசியில் எழும்பூரில் நடந்தது நம்ம வழக்கமான ஹாக்கி, அதை நடத்துவது எஃப்.ஐ.எச். என்ற சர்வதேச அமைப்பு. ஐஸ் ஹாக்கிக்கு வேற அமைப்பு, ஐ.ஐ.எச்.எஃப். 'உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்' என்று அந்தப் பெயரோடு சேர்த்துப் போடுங்க. 20 வயதுக்கு உட்பட்ட 10 அணிகள், டிசம்பர் 26 வாக்கில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும்.

இப்போ கணக்கு. பாயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னாடி பிறந்த தேதியைப் பாருங்க. அந்த வருஷம் செப்டம்பர் 15க்குள் 18 முடிந்திருந்தால்தான் என்.எச்.எல். டிராஃப்டில் பெயர் வரும். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. ரெண்டே நாளில் 2015 கைவிட்டுப் போய், 2016இல் முதல் ஆளாகத் தேர்வானார். 2025இல் முதலிடம் பிடித்த மேத்யூ ஷேஃபருக்கு இதற்கு நேர் எதிர்: 2007 செப்டம்பர் 5, பத்து நாள் மிச்சம். அதே 2007 டிசம்பரில் பிறந்த கேவின் மெக்கென்னாவுக்கு 2026தான் முதல் வாய்ப்பு. ஆக, ஒரே டிராஃப்டில் நிற்கும் ரெண்டு பேருக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வயசு இடைவெளி இருக்கலாம். பதினேழு வயசில் ஒரு வருஷம் என்றால் உடம்பே வேற.

அடுத்து, அந்த 90ஐ உடைத்துப் பாருங்க. கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்) ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு பாயின்ட். ஒரு கோலுக்கு ரெண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள். ரெண்டாவது அசிஸ்ட் பல நேரம் சும்மா பக்கத்தில் தள்ளிவிட்டதற்குக் கிடைப்பது. பவர் பிளேயில் வந்ததையும் தனியாக எடுத்து வையுங்க. கிரிக்கெட் பவர் பிளே இல்லை, எதிரணியில் ஒருவன் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்திருக்கும் 2 நிமிஷம். 90இல் 40 அங்கிருந்து வந்திருந்தால் யோசிக்கணும். ரெண்டு பக்கமும் ஆள் குறையாத ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் கோலும் முதல் அசிஸ்டும் எத்தனை என்பதுதான் நம்பக்கூடிய எண். அடித்த ஷாட்டில் 25 சதவீதம் கோலானால் அடுத்த வருஷம் இறங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் அடிக்கிறான் என்பது வருஷத்துக்கு வருஷம் அவ்வளவு மாறாது.

ஸ்வீடன் பையன் விளையாடுவது பையன்களோடு இல்லை, முப்பது வயசு ஆட்களோடு. நாலாவது லைனில் (குறைவாக இறக்கும் கடைசிக் குழு) ஆட்டத்துக்கு 7 நிமிஷம் இறக்கியிருந்தால் 30 ஆட்டத்துக்கு மொத்தம் 210 நிமிஷம். 60 நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் 1.4 பாயின்ட், பவர் பிளே ஒன்றும் இல்லாமல். ஒன்டாரியோ பையன் ஆட்டத்துக்கு 21 நிமிஷம் ஆடினால் அவனுக்கு 3.8 வரும். இடைவெளி 90க்கும் 5க்கும் உள்ளது இல்லை, புரியுதா? ஆனால் 5 பாயின்ட்டை வைத்து எதையும் முடிவு கட்டாதீங்க, ரெண்டு பந்து... மன்னிக்கணும், ரெண்டு பக் (ஐஸ் ஹாக்கி வட்டு) கம்பத்தில் பட்டு வெளியே போனால் அது 3 ஆகிவிடும். அதே பையன் ஸ்வீடன் 20 வயது லீகில் என்ன செய்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

பட்டியலிலும் ஒரு பள்ளம் இருக்கு. என்.எச்.எல்.லின் வீரர் மதிப்பீட்டுப் பிரிவான சென்ட்ரல் ஸ்கவுட்டிங் வெளியிடுவது ஒரு பட்டியல் இல்லை, நாலு: வட அமெரிக்க வீரர், வட அமெரிக்க கோல்கீப்பர், வெளிநாட்டு வீரர், வெளிநாட்டு கோல்கீப்பர். ரெண்டு பேரும் '8' என்று இருந்தால் ஒரே இடம் என்று அர்த்தம் இல்லை. நீங்க பார்த்தது இதுவாகத்தான் இருக்கும்.

ரப்பர்_வால்:

பட விஷயம். மைக் தொங்குவதில் எடுத்தவர்கள் மேல் பாதிப் பழிதான்.

1953க்குப் பிறகு ஹாலிவுட் அகலத்திரைக்கு மாறியது. பிலிமில் கிட்டத்தட்டச் சதுரமாகப் படம் பதியும், தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலத்தில் ஓட்டுவார்கள். மைக் இருந்தது மறையும் பகுதியில். பிற்காலத்தில் பழைய டிவிக்காக முழு பிலிமையும் திறந்து பிரதி எடுத்ததால் மைக்கும் கம்பியும் வெளியே வந்தன. இலவசப் பிரதிகளில் பெரும்பாலானவை இந்த வகை. டிவியில் ஜூம் வைத்து அகலம் நிரம்பும்படி செய்யுங்கள், 1.78 கிடைக்கும், போதும். தலை வெட்டுப்பட்டால் அது பழைய வடிவத்துக்கே எடுத்த படம், உடனே ஜூமை எடுத்துவிடுங்கள்.

சீரியல் வழவழப்பு முழுக்க டிவியின் வேலை. நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள படத்துக்கு நடுநடுவே டிவி தானே ஃபிரேம் செய்து செருகுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு, 'மோஷன்' என்று தொடங்கும் எதையும் அணைக்கவும். ஷார்ப்னஸைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பிலிமின் பொடித் துகள்கள் மணல் கொதிக்கிற மாதிரி தெரியும்.

ஒரே படத்துக்கு ஐந்தாறு பிரதி இருந்தால் ஓடும் நேரத்தை ஒப்பிடுங்கள். 75 நிமிடப் படம் 72 என்று இருந்தால் வெட்டியதாக இருக்க வேண்டியதில்லை, ஐரோப்பிய டிவிக்காக 25 ஃபிரேமில் ஓட்டியிருப்பார்கள். குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். 65 என்றால்தான் கத்தரி.

பொம்மை பொம்மையாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. 50 மீட்டர் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் கல் தரையைத் தொட 3.2 நொடி ஆகும். 25இல் ஒரு பங்கு மாடல் 2 மீட்டர்தான், கல் 0.64 நொடியில் விழுந்துவிடும். ஐந்து மடங்கு வேகம். அதைச் சமாளிக்க நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்ட வேண்டும். பிலிமுக்குக் காசில்லாதவன் 24இலேயே எடுப்பான், கட்டடம் தீப்பெட்டி மாதிரி சரியும். தண்ணீரும் நெருப்பும் இன்னும் மோசம், துளியைச் சின்னதாக்க எந்தக் கேமராவாலும் முடியாது.

கெட்டிக்காரர்கள் அதனால்தான் மாடல் கட்டடத்தை நொறுக்கிக் காட்டமாட்டார்கள். 1958இன் 'தி பிளாப்' படத்தில் பூதம் என்பது சாயம் போட்ட சிலிக்கோன் குழம்பு, அவ்வளவுதான். பயம் நன்றாகவே வேலை செய்கிறது. 1953இன் 'ரோபோட் மான்ஸ்டர்' கொரில்லா உடைக்கு மேல் ஒரு ஹெல்மெட். அதைப் பட்டப்பகலில் முழு உருவமாகக் காட்டித் தொலைத்தார்கள். விட்டலாச்சார்யா பேய்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவும் இனிக்கும் என்பது தனிக்கதை.

கொட்டிவாக்கம்_கடிகாரம்:

நேரம் பத்தி யாரும் சொல்லலையே. ஒன்டாரியோவில் ராத்திரி 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே காலை 5.30, நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் 4.30. அதுக்குப் பதிலா மேற்குக் கனடா லீக் பாருங்க ப்ரோ. ஆல்பர்ட்டா, வான்கூவர் பக்கம் ராத்திரி ஆட்டம் நமக்கு இன்னும் தள்ளித்தான் தொடங்கும். இட்லியோட பார்க்கலாம். ஸ்வீடன் சாயங்காலம் 6 மணி ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே ராத்திரி 10.30. ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறே கடிகாரத்தை மாத்திடும், ஒன்டாரியோ ஒரு வாரம் கழிச்சு. அந்த வாரம்தான் அலாரம் தப்பும்.

மூணாவது_லைன்:

நீலக்கோடு சார் சொன்னது ஃபார்வர்டுக்குச் சரி. கோல்கீப்பருக்கு இந்த வயசுக் கணக்கைக் கொண்டுபோகாதீங்க. அவங்க தேற இருபத்துமூணு, இருபத்துநாலு ஆயிடும். பின்னாடி நட்சத்திர கோல்கீப்பரான ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000 டிராஃப்டில் 205ஆவது ஆள். ஃபார்வர்டிலும் இப்படித்தான், பெரிய ஆளான கிரில் கப்ரிசோவ் 2015இல் 135ஆவது. ஏழு சுற்று முழுக்கக் கவனிங்க, முதல் சுற்றோட டிவியை அணைக்காதீங்க.

இன்னொண்ணு: தேர்வான பையனை என்.எச்.எல்.லில் 9 ஆட்டம் ஆடவிட்டுத் திருப்பி அனுப்பினால் 'தோத்துட்டான்'னு நினைக்க வேண்டாம். 18, 19 வயசுக்காரன் 10ஆவது ஆட்டம் ஆடினால் ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் கழிஞ்சிடும். கிளப் காசு கணக்குப் பார்க்குது, அவ்வளவுதான். பூதப் படத் தயாரிப்பாளர் புத்திதான்.

அடையாறு_ஆந்தை:

எல்லோருக்கும் நன்றி. பட்டியலைத் திரும்பப் பார்த்தேன், ஒன்று வட அமெரிக்கா 11, இன்னொன்று வெளிநாடு 12. அப்போ சனி ராத்திரி 10.30க்கு ஸ்வீடன், ஞாயிறு காலை ஆல்பர்ட்டா. படம் வெள்ளிக்கிழமைக்குப் போகிறது. சின்னதாக ஒன்று சொல்லுங்களேன்.

ரப்பர்_வால்:

'தி கில்லர் ஷ்ரூஸ்', 1959. 70 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ராட்சத மூஞ்சூறுகள் என்று வருபவை வேஷம் போட்ட நாய்கள். இந்தியச் சட்டப்படி படத்துக்கு 60 வருடக் காப்புரிமை, 2019 முடிவோடு தீர்ந்தது, தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். நாய்கள் ஓடும்போது வாலைக் கவனியுங்கள்.