விக்டோரியா கப்பலையோ அது போன வழியையோ நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாய்மரம்:
ஸ்பெயினின் செவில்லில் குவாதல்கிவிர் ஆற்றோரம் விக்டோரியாவின் மாதிரிக் கப்பல் நிற்கிறதே, அதில் ஏறினேன். கதை எல்லாருக்கும் தெரியும். 1519-ல் மெகல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து கிளம்பியது ஐந்து கப்பல், சுமார் 240 பேர். 1522-ல் உலகைச் சுற்றித் திரும்பியது இது ஒன்றுதான், 18 பேரோடு. மேல்தளத்தில் ஒரு சிறுமி, மாலுமிகள் எங்கே தூங்குவார்கள் என்று கேட்டாள். வழிகாட்டி காலால் பலகையைத் தட்டிக் காட்டினார். அங்கேதான். தொங்கு படுக்கை அப்போது ஐரோப்பியக் கப்பல்களில் வழக்கமில்லை. கீழே நனையாத இடமெல்லாம் கிராம்பு மூட்டைக்கு! மெகல்லனின் துணிச்சலையே பேசுகிறோம், இந்தப் பலகையில் கிடந்தவர்களை யார் பேசுகிறார்கள்?

தென்றல்:
மெகல்லன் 1521 ஏப்ரலிலேயே பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கொல்லப்பட்டுவிட்டார். அவர் போர்ச்சுக்கீசியரும்கூட. கப்பலை ஊர் சேர்த்த ஹுவான் செபாஸ்டியன் எல்கானோதான் ஸ்பானியர், பாஸ்க் பகுதியின் கெத்தாரியாக்காரர். அந்த ஊர் சான் சல்வாதோர் தேவாலயத்துக்குப் போனேன். தரையே சாய்வாக இருக்கிறது. வாசலருகே எல்கானோவின் நினைவுக்கல், ஆனால் உடல் அங்கே இல்லை. 1525-ல் மறுபடி, கிராம்பு விளையும் மொலுக்கா தீவுகளுக்குக் கிளம்பியவர் 1526-ல் பசிபிக் நடுவே இறந்துபோனார். ஒரு பாட்டி அந்தக் கல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அது மனதை விட்டுப் போகவே இல்லை.

இரண்டாம் மேட்:
சரக்குக் கப்பலில், தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் மெகல்லன் நீரிணையைக் கடந்திருக்கிறேன். வழி தெரிந்த உள்ளூர் பைலட் இருந்தார், ரேடார் இருந்தது. அப்படியும் மலை இடுக்கிலிருந்து காற்று திடீரென்று இறங்கியபோது கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கேதான் சான் அந்தோனியோ கப்பல்காரர்கள் நழுவி ஸ்பெயினுக்கே திரும்பினார்கள். ஐந்தில் பெரிய கப்பல், உணவுப் பொருளும் நிறைய அதில்தான். மிச்சப் பேர் பசிபிக்கில் பாய்மரத்துத் தோலை ஊறவைத்துத் தின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.
தென்றல், எல்கானோவை ரொம்ப உயர்த்தாதீர்கள். நீரிணைக்கு வருமுன்பே சான் ஹூலியான் துறையில் மெகல்லனுக்கு எதிராக நடந்த கலகத்தில் அவரும் இருந்தார். வேறொருவருக்குத் தலை போனது, இவருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

உப்புக்காற்று:
குவாதல்கிவிர் கடலில் சேரும் சான்லூகாரில், ஆற்றுமுகத்தில் நின்றேன். மீன்பிடிப் படகுகள் மணல்திட்டை ஒதுக்கி வளைந்து வளைந்து வந்தன. 1522 செப்டம்பர் 6-ல் அந்த 18 பேரும் இந்த வழியாகத்தான் நுழைந்தார்கள்.
போகிறவர்களுக்குச் சில விஷயம். செவில்லோடு திரும்பிவிடாதீர்கள், சான்லூகாருக்கு பஸ் இருக்கிறது. மாலையில் பாஹோ தெ கியா கரைக்குப் போங்கள், எதிரே தொன்யானா காடு தெரியும். கோடையில் நண்பகல் வேண்டவே வேண்டாம், அந்த வெயில் தாங்காது. மாதிரிக் கப்பலில் ஏற வழுக்காத செருப்பு போடுங்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கப்பலில் கூடவே போய் உயிரோடு திரும்பிய பிகாஃபெட்டாவின் பயணக் குறிப்பை முன்னாலேயே படித்துவிடுங்கள். திரும்பும் வழியில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவில் கப்பல் கணக்கில் புதன், கரையில் வியாழன் என்று தெரிந்து அவர் திகைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள். தினமும் விடாமல் நாள் குறித்தவர் அவர்.

பாய்மரம்:
மேட் சார், கலகம் உண்மைதான். ஆனால் வந்து சேர்ந்ததும் அரசருக்கு எழுதிய கடிதத்தில், கேப் வெர்டேயில் போர்ச்சுக்கீசியர் பிடித்துவைத்த விக்டோரியாக்காரர் 13 பேரை மீட்கச் சொல்லிக் கேட்டவரும் அதே எல்கானோதான். அதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? ஐந்தில் இன்னொன்றான, மொலுக்காவில் பிடிபட்ட திரினிதாத் கப்பல்காரர்களில் சிலரும் பல வருடம் கழித்து ஐரோப்பா வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு எங்காவது நினைவுக்கல் பார்த்திருந்தால் யாராவது சொல்லுங்கள்.