‘போட்டிச் சமநிலை’யா, ‘ஈடுநிலை’யா? கழக றக்பிப் பாடத்துக்கு ஒரு கலைச்சொல் தேவை

கண்டியிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டு முகாமைத்துவம் படிக்கும் தமிழ்மொழி மூல மாணவர்களுக்காகப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதன் ஏழாம் அத்தியாயம், ஊதியத்துக்காக அன்றி விருப்பத்தால் ஆடுவோரின் கழக றக்பியைப் பற்றியது. இம்மாத இறுதிக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டிய நிலையில் இரண்டு சொற்கள் என்னை நகரவிடாமல் நிறுத்தியிருக்கின்றன.

முதலாவது, ஆங்கிலத்தில் ‘காம்பெட்டிட்டிவ் பேலன்ஸ்’ எனப்படுவது. ஒரு லீக்கில் உள்ள கழகங்களின் வலிமை ஒன்றுக்கொன்று பெரிதும் விலகாமல் இருப்பதையும், அதனால் வெல்லப்போவது யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாமல் இருப்பதையும் அது குறிக்கிறது. ‘போட்டிச் சமநிலை’ என்றே முதலில் எழுதினேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது, “இரண்டு கழகமும் ஒரே புள்ளி எடுத்து முடிக்கிறதா, மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டார். அவர் அப்படிப் புரிந்துகொண்டதில் பிழையில்லை. ‘ஆட்டம் சமநிலையில் முடிந்தது’ என்று பத்திரிகைகளில் படித்தே அவர் வளர்ந்திருக்கிறார். றக்பியிலோ ஆட்டம் அப்படி முடிவது அரிது.

இரண்டாவது, ‘இன்சென்டிவ்’. ஆட்டக்காரரை ஒரு கழகத்தின் பக்கம் இழுப்பதும் அங்கேயே நிறுத்துவதும் எதுவோ, அது. ‘ஊக்கத்தொகை’ என்றால் பணம் மட்டும் என்றாகிவிடும். ‘ஊக்கி’ என்றாலோ விளையாட்டுப் பக்கம் படிக்கும் எவருக்கும் ஊக்கமருந்துதான் நினைவுக்கு வரும்.

அத்தியாயத்தின் மைய வரலாறு உங்களில் பலர் அறிந்ததே. இங்கிலாந்தின் வடக்கே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக வேலையை விட்டுவந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கழகம் ஈடுசெய்யலாமா என்ற கேள்வி 1893இல் இங்கிலாந்தின் றக்பி ஒன்றியத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 136 வாக்குகளும் எதிராக 282 வாக்குகளும் விழுந்தன. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடபுலக் கழகங்கள் கூடித் தனி ஒன்றியம் அமைத்தன. 13 பேர் ஆடும் ‘றக்பி லீக்’ என்னும் தனி ஆட்டவகை அதிலிருந்தே வளர்ந்தது. அந்தக் கொடுப்பனவை ஆங்கிலத்தில் ‘புரோக்கன் டைம்’ என்பார்கள். ‘உடைந்த நேரம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:

அம்மா, வணக்கம். தங்கள் மாணவி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

‘சமநிலை’யை விலக்க நான் சொல்லும் காரணம் வேறு. சமம் வடசொல். “சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்” என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறாரே என்று அன்பர்கள் கேட்பார்கள். அங்கே ‘சமன்’ அமைதல், சமைதல் என்னும் தமிழ் வேரோடு ஒட்டியது என்பது என் நெடுநாள் துணிபு. அதை இங்கே நிறுவப் புகுந்தால் தங்கள் அச்சகம் காத்திராது. எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். தராசு இரண்டு தட்டுகளுக்குத்தான் பொருந்தும். தங்கள் லீக்கில் எட்டோ பத்தோ கழகங்கள் இருக்கின்றன. ஆகவே தராசின் வழிவந்த எந்தச் சொல்லும் இங்கே நொண்டும்.

வலியறிதல் அதிகாரத்தின் முதற்குறளைப் பாருங்கள்: “வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்.” தாங்கள் சொல்லும் பொருளுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. தன்வலியும் மாற்றான் வலியும் நிகராக நிற்பதே ‘வலிநிகர்மை’. துணைவலி என்பதைக் கழகத்தின் புரவலர்கள் என்றே கொள்ளலாம். ‘கழகம்’ என்ற சொல்லே வள்ளுவரிடம் சூதாடும் இடம் என்ற பொருளில் நின்று, இன்று இவ்வளவு நல்ல பொருளுக்கு உயர்ந்திருக்கிறது. பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றத் தயங்க வேண்டியதில்லை.

விருப்பத்தால் ஆடுவோரைக் குறிக்கும் ‘அமெச்சூர்’ என்பதற்கும் இப்போதே ஒன்று முன்மொழிகிறேன். அச்சொல் இலத்தீனில் ‘அன்பு செய்தல்’ என்னும் வேரிலிருந்து வந்தது. “அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர்” என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையார். இவ்வளவு நேராகப் பொருந்தும் இணைச்சொல் எந்த மொழிக்கும் எளிதில் வாய்க்காது. ‘ஆர்வலர் றக்பி’ என்றே எழுதுங்கள்.

சென்னையிலிருந்து:

ஐயா மீது மிகுந்த மதிப்புண்டு. ஆனால் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பல ஆண்டுகள் தலைப்பு எழுதியவன் என்ற முறையில் மறுக்க வேண்டியிருக்கிறது.

‘வலிநிகர்மை’ என்று படிக்கும் மாணவருக்கு வலிமை நினைவுக்கு வராது, உடம்பு நோவுதான் வரும். ஆட்டக்காரர் தோளில் அடிபடுவது வாராந்தர நிகழ்வாக இருக்கும் றக்பியில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். ‘ஆர்வலர்’ இன்று சமூக ஆர்வலருக்கும் சுற்றுச்சூழல் ஆர்வலருக்கும் உரியதாகிவிட்டது. கபடிக்காரர்கள் ‘அமெச்சூர் கபடிக் கழகம்’ என்று பலகை மாட்டிப் பல காலமாகிறது. அதைக் கிராமத்தில் யாரும் புரியவில்லை என்று சொன்னதில்லை. ‘அமெச்சூர்’ அப்படியே இருக்கட்டும். வடசொல்லைத் தமிழ் எழுத்தில் ஒலி மாற்றி ஏற்றுக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கும்போது, ‘சமநிலை’யைத் தூக்கியெறியவும் காரணம் இல்லை.

தமிழ்நாட்டில் பேச்சிலும் பல நேரம் அச்சிலும் ‘டிரா’ என்றே வழங்குவதால் மாணவியின் குழப்பம் இங்கே அவ்வளவாக எழாது. இலங்கை மாணவருக்கு எழும் என்றால், முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும். ‘ஊக்கி’ வேண்டாம் என்பதில் மட்டும் முழு உடன்பாடு. ‘நட்சத்திர வீரருக்கு ஊக்கி’ என்று தலைப்பு வந்தால் மறுநாளே வழக்கறிஞர் அறிவிப்பு வரும்.

கோவையிலிருந்து:

சொல்லுக்கு முன்னால் பொருளைச் சற்று நிறுத்திப் பார்ப்போம் என்று ஒரு பொருளியல் ஆசிரியனாக வேண்டுகிறேன்.

இந்தக் கருத்து 1956இல் சைமன் ராட்டன்பர்க் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் உழைப்புச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. முடிவு தெரியாமல் இருந்தால்தான் மக்கள் சீட்டு வாங்குவார்கள் என்பது அதன் அடிப்படை. 1964இல் வால்டர் நீல் குத்துச்சண்டையை எடுத்துக்காட்டினார். ஜோ லூயிஸின் வருமானத்துக்கு மாக்ஸ் ஷ்மெலிங் போன்ற வலிய எதிராளி வேண்டும், எதிராளியை ஒழித்துக்கட்டிய வீரனுக்குத் தொழிலே இல்லை என்றார். வணிகத்தில் போட்டியாளன் அழிந்தால் லாபம், விளையாட்டில் அதுவே நட்டம்.

ஊதியமில்லாக் கழக றக்பியிலோ சீட்டு வருமானம் முதன்மையானதன்று. அங்கே ஏற்றத்தாழ்வின் விளைவு வேறுவிதமாக வெளிப்படுகிறது. வாரந்தோறும் ஐம்பது, அறுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் கழகத்தின் ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். 15 பேர் சேர்வதில்லை. இரு அணியின் முன்களத்தவரும் தோளோடு தோள் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமின் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் இல்லாவிட்டால், கழுத்து முறியும் ஆபத்து கருதி இரு அணியும் தள்ளாமல் ஸ்க்ரம் நடத்த நடுவர் ஆணையிடுகிறார். அந்த ஆட்டத்தில் வலிய கழகத்துக்கும் மனநிறைவு இல்லை. ஆகவே நாம் தேடும் சொல் ஓர் ஆட்டத்தை மட்டும் குறிக்கக் கூடாது. ஒரு பருவம் முழுவதையும், ஆண்டுக்கு ஆண்டு வாகையர் மாறுகிறார்களா என்பதையும் அது குறிக்க வேண்டும்.

‘ஊக்கத்தொகை’ ஏன் போதாது என்பதற்கு வேல்ஸ் நாட்டின் ஆர்தர் கூல்ட் போதும். நியூபோர்ட் கழகத்தின் அந்தப் புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு 1897இல் மக்கள் நிதி திரட்டி ஒரு வீட்டைப் பரிசளித்தார்கள். அது ஊதியத்துக்கு ஒப்பானது என்று பிற நாட்டு றக்பி ஒன்றியங்கள் சினந்தன. வேல்ஸ் பன்னாட்டு றக்பிக் குழுவிலிருந்தே விலகியது. வீட்டைத் ‘தொகை’ என்பதா? பிரான்ஸ் 1931இல் ஐந்து நாட்டுப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டதற்கும், கழகங்கள் மறைவாகக் கொடுத்து ஆட்டக்காரரை இழுத்தன என்ற குற்றச்சாட்டு ஒரு காரணம். 1995 ஆகஸ்டில் ஊதியத்துக்கு இருந்த தடை நீங்கும் வரை இந்த ஒளிவுமறைவு ஓயவில்லை. பணம், வீடு, வேலை, முதல் அணியில் இடம் ஆகிய அனைத்தையும் தழுவ ‘ஊக்குவிப்பு’ என்ற பொதுச்சொல்லே ஏற்றது. அது எங்கள் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது.

கண்டியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. கோவை ஐயா சொன்னது எங்கள் ஊரையே கண்முன் கொண்டுவந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் இலங்கையின் கழக லீக் பட்டங்களில் மிகுதியானவை எங்கள் கண்டிக் கழகத்தின் நித்தவலை மைதானத்துக்கே வந்திருக்கின்றன. கண்டியில் பிறந்தவள் என்ற வகையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் திரித்துவக் கல்லூரி, கிங்ஸ்வூட், புனித அந்தோனியார் எனப் பாடசாலை றக்பி செழித்த ஊர் இது என்பதும், நல்ல ஆட்டக்காரர் நல்ல ஆட்டக்காரர் இருக்கும் இடத்துக்கே போக விரும்புவார் என்பதும் கொழும்புக் கழகங்களுக்கு எவ்வளவு கடினமானவை என்பதை இந்த அத்தியாயம்தான் எனக்கு உணர்த்தியது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள் ஆட்டக்காரருக்குத் தருவது நிரந்தர வேலை. ஒரு குடும்பத்தின் மூத்த மகனுக்கு அதைவிடப் பெரிய இழுப்பு எது? ‘ஊக்குவிப்பு’ என்றே எழுதிவிடுகிறேன்.

முதற்சொல்லுக்கு நேற்று ஒரு வழி தென்பட்டது. தம்முடைய கழகம் தோற்ற கதையைச் சொன்ன ஒரு மாணவர், “தோத்தாலும் கடைசிவரைக்கும் ஈடுகொடுத்து விளையாடினம், மிஸ்” என்றார். நாங்கள் தேடியது அதுதான் என்று எனக்குப் பட்டது. ஈடுகொடுப்பதற்குப் புள்ளி சமமாக வேண்டியதில்லை, தோற்றவனும் ஈடுகொடுக்கலாம். எந்தக் கழகமும் எந்தக் கழகத்துக்கும் ஈடுகொடுக்கக்கூடிய நிலையை ‘ஈடுநிலை’ என்றால் என்ன? ‘புரோக்கன் டைம்’ கொடுப்பனவும் ‘கூலியிழப்பீடு’ ஆகிவிடும். வரலாறும் கோட்பாடும் ஒரே சொல்லின் மேல் நிற்கும்.

மதுரையிலிருந்து:

அம்மா, ‘வலிநிகர்மை’யை மகிழ்ச்சியோடு திரும்பப் பெறுகிறேன். படு பாடு ஆனது போல, கெடு கேடு ஆனது போல, இடு என்பது ஈடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை இடுவதால் ஈடு. இட்டது குறையாமல் நிற்பதால் ஒப்பு. ஒப்பு இல்லாதது ஈடிணையற்றது. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரைக்கு ‘ஈடு முப்பத்தாறாயிரப்படி’ என்று பெயர். அங்கே படி என்பது 32 எழுத்துகள் கொண்ட ஓர் அளவு. அதே ‘படி’தான் இன்று பயணப்படியாகவும் அகவிலைப்படியாகவும் அரசு அலுவலகங்களில் வழங்குகிறது. ஆகவே ‘கூலியிழப்பீடு’ என்பதைவிட ‘ஈட்டுப்படி’ என்பது இன்னும் செறிவாக இருக்கும் என்று கருதுகிறேன்.

கோவையிலிருந்து:

‘ஈடுநிலை’யின் அழகை மறுக்கவில்லை. ஆயினும் அடுத்த அத்தியாயம் கழகங்களின் கடனைப் பற்றியதாக இருந்தால், வங்கிக்குக் கொடுக்கும் பிணையும் அங்கே ‘ஈடு’ என்றே வரும். ‘ஈட்டுப்படி’யை ஈட்டிய வருமானம் என்று படிக்கவும் இடமுண்டு. மாணவர் தேர்வில் எழுத வேண்டிய சொல் ஒரே நூலில் மூன்று பொருள் தரக் கூடாது.

சென்னையிலிருந்து:

நானும் அவ்வாறே கருதுகிறேன். இணையத்தில் தேடும் மாணவருக்கு ‘போட்டிச் சமநிலை’ என்று தட்டினால் ஏதாவது கிடைக்கும். ‘ஈடுநிலை’ என்று தேடினால் நாம் எழுதிய இந்த மடல்கள் மட்டுமே கிடைக்கும்.

கண்டியிலிருந்து:

அடுத்த அத்தியாயம் கடனைப் பற்றியதேதான். அதில் ‘ஈடு’ ஆறு இடங்களில் வருகிறது.

குழுவில் விடையளித்தவர்களில் பெரும்பாலோர் ‘போட்டிச் சமநிலை’யையே ஏற்பதால், நாளை அனுப்பும் படியில் அதுவே தலைப்பாக இருக்கும். அதன் கீழே, “எந்தக் கழகமும் எந்தக் கழகத்துக்கும் ஈடுகொடுக்கக்கூடிய நிலை, ஆட்டம் சமநிலையில் முடிவதை இது குறிக்காது” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ‘ஊக்குவிப்பு’, ‘அமெச்சூர்’, ‘கூலியிழப்பீடு’ ஆகியவை அப்படியே போகின்றன. ‘ஈடுநிலை’யை விட்டுக்கொடுத்தது எனக்கு வருத்தமே.

மதுரையிலிருந்து:

அம்மா, பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு சொல்லைப் பொருள் கூறிப் புரியவைக்கும் வரியிலேயே அதைவிடப் பொருத்தமான சொல் நிற்குமானால், தலைப்பில் இருக்க வேண்டியது எது என்று மறுபதிப்பின்போதாவது எண்ணிப் பாருங்கள். என் மாறுபாட்டைக் குழுவின் பதிவில் வைக்குமாறு வேண்டுகிறேன்.

மற்றொன்று. ‘றக்பி’ என்று தாங்களும் ‘ரக்பி’ என்று பிறரும் எழுதுவீர்கள். ரகரமும் மொழிக்கு முதலில் வாராது, றகரமும் வாராது. ககர மெய்யை அடுத்துப் பகரமும் நில்லாது. இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. நூல் அச்சேறும் முன் இதற்கும் ஒரு முடிவு காணலாமா?